ஓடிப்போன தையல்

"அண்ணி, பதறாதீங்க" என்று பம்பரம் முன்னறையிலிருந்து குரல் கொடுத்த பிறகுதான் அவளுக்குப் பதறியது.

அதுவரை அவள் அடுப்பில் முட்டையை வேகப் போட்டுவிட்டு, கொடியில் கிடந்த துணிகளையும் மேலே கூடி வந்த மேகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எடுத்தால் வெயில் அடிக்கிறது, போட்டால் தூறுகிறது. காலையிலிருந்து இதே பிழைப்பு. அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றாமல் முன்னறைக்கு ஓடினாள்.

சாப்பாட்டு மேசையில் அவளுடைய மடிக்கணினி குப்புறக் கிடந்தது. அடிமூடியைக் கழற்றியிருந்தான். உள்ளே பச்சைத் தகடும் தூசி அடைந்த காற்றாடியும் தெரிந்தன. தேநீர் வைக்கும் சின்னத் தட்டில் திருகாணிகள்.

"என்ன பண்ணி வச்சிருக்கே?"

"மெமரி போட்டேன் அண்ணி. ரெண்டாவது ரேம். உள்ள ஒரு இடம் காலியாவே இருந்துச்சு தெரியுமா? வாங்கின நாள்லேருந்து காலி. போட்டா பறக்கும்னு..."

"பறக்குதா?"

"விளக்கு எரியுது. காற்றாடி சுத்துது. திரைதான் வரல."

கணினி அப்போது தன் பங்குக்கு, நீளமாக ஒரு தடவை கத்தியது. பசிக்கிற குழந்தை மாதிரி விட்டு விட்டு மறுபடி கத்தியது.

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கணினிக்குள்தான் அவள் சோறு இருந்தது. பூத்தையல் பட்டறைக்கு டிசைன் போட்டுக் கொடுக்கிறவள் அவள். இலை, கொடி, பறவை என்று எதுவானாலும் ஒவ்வொரு தையலும் எங்கே இறங்க வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்று திரையில் புள்ளி புள்ளியாக வைத்து, கோப்பைப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுப்பாள். அடுத்த தெருவுக்கு அடுத்த தெருவில் இருந்த பட்டறையில் மெஷின் அதைப் படித்துத் துணியில் தைக்கும். ஒரு விடுதிக்கான மேசை விரிப்புகளுக்கு அன்று சாயங்காலத்துக்குள் டிசைன் போய்ச் சேர வேண்டும். முக்கால்வாசி முடித்து வைத்திருந்தாள். மிச்சம் ஒரு கொடியும் இரண்டு மொட்டும்தான்.

"யாருடா உன்னைக் கேட்டா?" என்றாள். வழக்கமாக அவனைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவாள். 'டா' வந்தால் விஷயம் பெரிது என்று இருவருக்கும் தெரியும்.

"நேத்துக்கூட 'இது ஒரு பூவைத் திறக்கிறதுக்குள்ள நான் ஒரு டீ போட்டுக் குடிச்சிடறேன்'னு சொன்னீங்களே. ரிப்பேர் கடையில என் சிநேகிதன் கழிச்சுப்போட்ட மெஷின்லேருந்து இந்த ரேமை எடுத்துக் கொடுத்தான். நீங்க சமைச்சு முடிக்கிறதுக்குள்ள போட்டுடலாம்னு நெனச்சேன்."

"குப்பையில கெடந்ததை எடுத்து என் கணினிக்குள்ள போட்டியா?"

"குப்பை இல்ல அண்ணி. கழிச்சது."

பம்பரம் அவள் கணவனின் தம்பி. சின்ன வயதிலிருந்தே ஓரிடத்தில் நிற்க மாட்டான் என்பதால் வந்த பெயர். மழைக்காலம் தொடங்கும்வரை அதே பூத்தையல் பட்டறையில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தான். அண்ணி வரைந்ததைத் தம்பி தைக்கிறான் என்று பட்டறையில் கேலி பேசுவார்கள். பிறகு ஒரு நாள், அதே விடுதிக்கான நீல வெல்வெட் திரைச்சீலை ஒன்றைத் தைக்கும்போது, ஊசி துணியை விட்டு வெளியே ஓடிப்போய் துணியை இறுக்கிப் பிடிக்கும் சட்டத்தில் மோதியது. ஊசி முறிந்தது, சட்டம் விரிசல் கண்டது, வெல்வெட் முழங்கை நீளத்துக்குக் கிழிந்தது. சட்டத்தை நேராக மாட்டவில்லை என்று முதலாளியம்மா அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அன்றிலிருந்து அவன் வீட்டில் எதையாவது கழற்றிக்கொண்டே இருந்தான். சொட்டிய குழாயைச் சரி செய்தான். இஸ்திரிப் பெட்டியைச் சரி செய்தான். நன்றாக ஓடிக்கொண்டிருந்த சுவர்க் கடிகாரத்தையும் சரி செய்தான். அது இப்போது ஓடவில்லை.

"பழையபடி ஆக்கிடு. எனக்குப் பறக்க வேணாம். ஊர்ந்தாப் போதும்" என்றாள்.

"ஆக்கிடறேன். நீங்க போங்க, ஏதோ தீயுது."

தண்ணீர் வற்றி முட்டைகள் அடிப்பிடித்திருந்தன. பாத்திரத்தைத் தொட்டியில் போட்டுவிட்டுத் துணி எடுக்க ஓடினாள். பாதி எடுப்பதற்குள் வெயில் வந்தது. கையில் இருந்ததை மறுபடி கொடியில் வீசிவிட்டு உள்ளே வந்தாள்.

பம்பரம் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, மின்பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான். உள்ளே தங்கியிருக்கிற மின்சாரம் வடியணுமாம். பிறகு இரண்டு ரேம்களையும் உருவினான். விரல் நீளத்துக்குச் சின்னத் தகடுகள், ஒரு விளிம்பில் வரிசையாகப் பொன்னிறப் பற்கள். ரப்பரால் அந்தப் பற்களைத் தேய்த்தான், ஊதினான், சாய்த்து வைத்துப் பார்த்தான், மறுபடி தேய்த்தான்.

"பல் விளக்கி முடிச்சாச்சா?"

"இருங்க அண்ணி. இதைச் சாய்வா உள்ள விட்டுத்தான் அமுக்கணும். ரெண்டு பக்கமும் கொக்கி 'டக்'குனு பிடிக்கணும். முதல்ல ஒரு பக்கம்தான் பிடிச்சிருக்கு, அதான் கத்தியிருக்கு."

டக் என்றது. அடுத்த பக்கமும் டக் என்றது. கணினியை நிமிர்த்தி உயிர் கொடுத்தான். திரை வெளுத்தது. அவள் விட்ட மூச்சில் மேசையிலிருந்த ரப்பர்த் தூள் பறந்தது.

உண்மையிலேயே வேகமாகத்தான் இருந்தது. டிசைன் சட்டென்று திறந்தது. மொத்தக் கொடியையும் பெரிதாக்கினாலும் தடுமாறவில்லை. அவள் உட்கார்ந்து ஒரு மொட்டை முடித்தாள். "பரவாயில்லையே" என்றாள். பம்பரம் பின்னால் நின்று ஒரு காலை மாற்றி ஒரு காலை ஆட்டிக்கொண்டிருந்தான். இரண்டாவது மொட்டின் காம்பில் கை வைத்தாள். திரை முழுக்க நீலமாகி, ஏதோ எழுத்துகள் ஓடி, கணினி தானே அணைந்து தானே எழுந்தது. மறுபடி திறந்தாள். மறுபடி நீலம்.

"மொட்டு?" என்றாள்.

"சேமிச்சீங்களா?"

"எங்கேடா சேமிக்க விட்டுச்சு?" எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. "நல்லா இருந்ததை எதுக்குத் தொட்டே? நீ தொட்டது எது உருப்பட்டுச்சு? அங்க ஒரு சட்டத்தை ஒழுங்கா மாட்டத் தெரியல, இங்க வந்து என் பிழைப்பையும் கழட்டிப் போடறியா?"

பம்பரத்தின் கால் ஆடுவது நின்றிருந்தது. அவன் இப்படி அசையாமல் நின்று அவள் பார்த்ததே இல்லை.

"பழையபடி ஆக்கிடறேன்" என்று மட்டும் சொன்னான்.

புது ரேமை உருவிவிட்டுப் பழையதை மட்டும் வைத்தான். கணினி எழுந்தது. பழைய ஆமை நடை. அவள் எதிரே உட்கார்ந்து கோப்பைத் திறந்தாள். சிறிது நேரத்தில் மறுபடி நீலம்.

"பாத்தியா? எதையோ கெடுத்துட்டே."

அவன் ரிப்பேர் கடைச் சிநேகிதனைப் போனில் பிடித்து ஒலிபெருக்கியில் போட்டான். அந்தப் பக்கம் சிநேகிதன் ஏதோ மென்றுகொண்டே பேசினான்.

"ரெண்டையும் போட்டுக்கிட்டுக் குழப்பிக்காதே. ஒண்ணை மட்டும் போட்டு ஓட்டு. அப்புறம் இன்னொண்ணை மட்டும். அப்புறம் இடத்தை மாத்திப் போட்டு ஓட்டு. எது போனாத் தொல்லை போகுதோ அதுதான் குற்றவாளி."

"பழசு மட்டும் போட்டாலும் விழுதுடா."

"அப்போ பழசுதான்."

"இவ்வளவு நாள் நல்லா ஓடிச்சே?"

"நல்லா ஓடிச்சுன்னு நீ நெனச்சுக்கிட்டே. மெமரியைச் சோதிக்கிற புரோகிராம் ஒண்ணு அனுப்பறேன், பென்டிரைவுல ஏத்தி ஓட விடு. நேரம் ஆகும். பொறுமையா இரு. உனக்கு அது வராதுன்னு தெரியும், இருந்தாலும் சொல்றேன்."

புது ரேமை மட்டும் வைத்துச் சோதனையை ஓடவிட்டார்கள். கறுப்புத் திரையில் எண்கள் ஓடின. அவள் பாத்திரத்தின் அடியைத் தேய்த்துவிட்டு வந்து பார்த்தாள், ஓடிக்கொண்டிருந்தது. வெங்காயம் நறுக்கிவிட்டு வந்து பார்த்தாள், ஓடிக்கொண்டிருந்தது. சுற்று முடிந்தது, குறை ஒன்றும் இல்லை. அதையே அடுத்த இடத்தில் மாற்றி வைத்தார்கள். அங்கும் குறை இல்லை.

பழையதை வைத்தார்கள். கொஞ்ச நேரம் சும்மா ஓடியது. பிறகு திரையில் சிவப்பாக ஒரு வரி விழுந்தது. அதன் கீழே இன்னொன்று. அவள் கையில் கத்தியோடு நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கொப்புளம் போடுகிற மாதிரி வரி வரியாகச் சிவந்துகொண்டே வந்தது.

"அப்படின்னா என்ன?" என்றாள்.

"எழுதி வச்சதை இது வேற மாதிரி திருப்பிக் கொடுக்குது அண்ணி. எல்லா இடத்துலயும் இல்ல, சில இடத்துல மட்டும். இங்க ஒரு எண்ணை வைக்கறோம், எடுக்கும்போது வேற எண்ணா வருது. அந்த இடத்துல முக்கியமானது ஏதாவது உக்காந்தா நீலமா விழுந்துடும். வேற ஏதாவது உக்காந்தா... நமக்குத் தெரியவே தெரியாது."

"எத்தனை நாளா?"

"யாருக்குத் தெரியும்? மாசக் கணக்காக்கூட இருக்கலாம்."

தையல் என்பதே எண்தான். இத்தனை வலம், இத்தனை மேலே என்று ஒவ்வொரு புள்ளிக்கும் எண். போன மாதம் ஒரு டிசைனைத் திறந்தபோது, ஒரு இலையின் நரம்பிலிருந்து ஒரு தையல் மட்டும் தனியாகப் பிய்த்துக்கொண்டு பக்கத்து ஓரத்துக்கு ஓடியிருந்ததைப் பார்த்தாள். கை தவறியிருக்கும் என்று திருத்தினாள். அதற்குப் பிறகு இன்னொன்று. கண் போய்விட்டதோ என்று பயந்து, யாரிடமும் சொல்லாமல் கண் டாக்டரிடம் போய் வந்தாள். கண்ணுக்கு ஒன்றும் இல்லை என்றார். அப்படியும் அவளுக்கு ஒரு யோசனை வரப் பார்த்தது. வரும்போதெல்லாம் எழுந்து போய் எதையாவது துடைப்பாள்.

இப்போது துடைக்க எதுவும் இல்லை.

"தம்பி, அந்த வெல்வெட்..."

பம்பரம் திரையைப் பார்த்தபடியே இருந்தான். அவன் யோசனையும் அங்கேதான் வந்து நின்றிருந்தது என்று அவன் கழுத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"அன்னிக்கு முதலாளியம்மா போன் பண்ணி, 'உன் ஃபைல்ல ஏதாவது தப்பு இருக்குமா'ன்னு என்னைக் கேட்டாங்க. 'என் கண்ணால பாத்தேன், சுத்தமா இருக்கு'ன்னு சொன்னேன். திரையில சுத்தமாத்தான் இருந்துச்சு. பென்டிரைவுல ஏத்தின பிறகு நான் அதைத் திறந்தே பாக்கல."

"எல்லாரும் அப்படித்தான் கொடுப்பாங்க அண்ணி."

"நீ ஏன் ஒரு வார்த்தை சொல்லல? சட்டத்தை நான் சரியாத்தான் மாட்டினேன்னு சண்டை போட்டிருக்கலாம் இல்ல?"

அவன் ஒரு திருகாணியை எடுத்து விரலில் உருட்டினான். "எனக்கே தெரியலையே. நீங்க ஃபைல் சரின்னு சொல்லிட்டீங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். அப்போ நான்தான் மாட்டாம விட்டிருக்கணும். படுத்தா அதேதான். மனசுக்குள்ள அந்தச் சட்டத்தை மாட்டிப் பாத்துக்கிட்டே இருப்பேன். திருகு இறுக்கினேனா, இல்லையா? இறுக்கின மாதிரிதான் இருக்கு. ஆனா நம்ப முடியல."

அவளுக்குக் காலையில் தான் கத்திய வார்த்தை அறையின் ஒரு மூலையில் இன்னும் நின்றுகொண்டிருப்பது போல அந்தப் பக்கம் திரும்பக் கூசியது.

அவள் கணவன் வேலை முடிந்து வந்தான். பேருந்து ஓட்டுகிறவன், வந்ததும் கொஞ்ச நேரம் உட்காராமல் நின்றுகொண்டே இருப்பான், நாளெல்லாம் உட்கார்ந்த இடுப்பு. நின்றபடியே தட்டை வாங்கிச் சாப்பிட்டான், நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டான்.

"சரி. புது மெமரி நல்லாருக்கு. அதைப் போட்டு வேலையை முடி. பழசைத் தூக்கிப் போடு. இதுல பட்டறைக்குப் போய்ச் சொல்ல என்ன இருக்கு?"

"இவன் பேர்ல பழி இருக்கே."

"இருக்கு. இல்லேங்கல. ஆனா யோசிச்சுப் பாரு. நீ போய் 'தப்பு என்னோடது'ன்னா அந்தம்மா என்ன பண்ணும்? இவனைக் கூப்பிட்டு மாலை போடுமா? உனக்குக் கொடுக்கிற வேலையையும் நிறுத்தும். ஒரு வீட்டுல ரெண்டு பேரும் சும்மா உக்காந்துக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க? என்னடா, நீயே சொல்லு."

"விடுங்க அண்ணி" என்றான் பம்பரம். "எனக்குத் தெரிஞ்சுபோச்சில்ல. போதும். அண்ணன் சொல்றது சரிதான்."

"உனக்குத் தெரிஞ்சாப் போதுமா? அடுத்த பட்டறையில போய் வேலை கேட்டா, 'சட்டத்தை மாட்டத் தெரியாம வெல்வெட்டைக் கிழிச்சவன்தானே'ன்னு கேக்க மாட்டாங்களா? கேட்டாங்களா இல்லையா?"

அவன் தலை குனிந்துகொண்டான். கேட்டிருக்கிறார்கள் என்று அப்போதுதான் கணவனுக்கும் தெரிந்தது. அவன் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "குடையை எடுத்துக்கிட்டுப் போங்க" என்றான்.

புது ரேமை மட்டும் வைத்து, மிச்சமிருந்த கொடியையும் இரண்டு மொட்டுகளையும் முதலிலிருந்து போட்டாள். பென்டிரைவில் ஏற்றியதைத் திரும்பத் திறந்து, ஓரம் ஓரமாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு இருவரும் தூறலில் நடந்தார்கள். ஒரே குடை. இடைவெளி விட்டு நடந்ததில் ஆளுக்கு ஒரு தோள் நனைந்தது. பட்டறை வாசலில் அவன் நின்றுவிட்டான்.

"நான் வரல அண்ணி. நீங்க போய்க் கொடுத்துட்டு வாங்க."

உள்ளே நூல் தூசியும் எண்ணெய் வாசமும் மெஷின் இரைச்சலும். முதலாளியம்மா மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு தானே மெஷினில் நின்றார். பம்பரத்துக்குப் பதிலாக வந்த ஆள் வாரம் திரும்புவதற்குள் ஓடிவிட்டான்.

"வா வா, கொண்டுவந்தியா? கொடு, போட்டுடறேன்."

"மேடம், அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்."

இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. ரகசியமாகச் சொல்ல நினைத்ததெல்லாம் பட்டறைக்கே கேட்டது. நூல் வெட்டுகிற பெண்கள் இருவர் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். முதலாளியம்மா முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"உன் மனசு நல்ல மனசு. உன் வீட்டுப் பையன் சும்மா இருக்கறது உனக்குப் பொறுக்கல. அவனுக்காகப் பழியைத் தூக்கி உன் தலையில வச்சுக்கறே. நல்லாருக்கற கணினி திடீர்னு தையலைத் தூக்கி எறிஞ்சிடுமா? யாரு காதுல பூ சுத்தறே?"

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. திட்டுவார், வேலையை நிறுத்துவார் என்று வழியெல்லாம் தயாராக வந்தவள், நம்பவே மாட்டார் என்று நினைக்கவில்லை. அப்போதுதான் மூலையில் ஓடாமல் கிடந்த மெஷின் கண்ணில் பட்டது. அதன் மேல் தூசிக்குப் போர்த்தியிருந்தது நீல வெல்வெட்.

"மேடம், அந்தத் திரைச்சீலை ஃபைல் உங்க கணினியில இருக்கா?"

"இருக்கும். எதையும் அழிக்கறதில்ல."

"திறந்து பாக்கலாமா? அன்னிக்கு யாருமே திறந்து பாக்கலையே. என் பேச்சைத்தானே எல்லாரும் நம்பினோம்."

முதலாளியம்மா சலித்துக்கொண்டே கண்ணாடியைக் கீழே இறக்கினார். கோப்பு திறந்தது. கொடி, பூ, பறவை, எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிந்தன. "எங்கே?" என்றார். அவள் மவுஸை வாங்கிப் படத்தைச் சின்னதாக்கினாள். டிசைனுக்கு வெளியே, வெறும் வெள்ளையில், பறவையின் வலச்சிறகு நுனியிலிருந்து மயிரிழை போல ஒரு கோடு கீழ்மூலைக்கு ஓடி, அங்கே ஒரு புள்ளியில் இறங்கி, திரும்பி வந்திருந்தது. ஒரே ஒரு தையல்.

அவள் போய் வெல்வெட்டை மெஷினிலிருந்து உருவிக்கொண்டு வந்து மேசையில் விரித்தாள். பாதிப் பறவை. அதன் வலச்சிறகு நுனியில் தொடங்கிக் கீழ்மூலைக்குப் போயிருந்தது கிழிசல்.

முதலாளியம்மா திரையைப் பார்த்தார், துணியைப் பார்த்தார். கிழிசலின் மேல் விரலை வைத்து நுனிவரை நகர்த்தினார்.

"மெஷின் சொன்ன இடத்துக்குத்தான் போயிருக்கு" என்றார்.

"ஆமா மேடம்."

"நீதான் சொல்லியிருக்கே."

"ஆமா மேடம்."

முதலாளியம்மாவுக்குக் கோபம் வருவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. வந்தபோது முழுசாக வந்தது. விடுதிக்காரனிடம் தான் கேட்ட பேச்சு, சட்டத்தை வாங்க அலைந்த அலைச்சல், இத்தனை நாள் தானே நின்று வலிக்கிற முழங்கால், எல்லாவற்றையும் சொன்னார். இனி அவளுடைய கோப்பு ஒவ்வொன்றும் முதலில் கழிவுத் துணியில் ஓட வேண்டும், அவளே வந்து நின்று பார்க்க வேண்டும், ஒரு தையல் பிசகினாலும் இந்தப் பக்கம் தலை வைக்கக் கூடாது என்றார். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கடைசியில் மூச்சு வாங்கி, "அவன் எங்கே?" என்றார்.

"வாசல்ல."

"மழையில எதுக்கு நிக்கறான்? உள்ள வரச் சொல்லு."

பம்பரம் குடையை மடக்கிக்கொண்டு தயங்கித் தயங்கி வந்தான். முதலாளியம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வந்து பழக்கமில்லை.

"சரியாத்தான் மாட்டினேன்னு கொஞ்சம் கத்தியிருக்கக் கூடாதாடா?" என்றார். "இந்தா, இந்த விரிப்பு டிசைனை ஓட்டு. முதல்ல கழிவுத் துணியில. மூணாவது மெஷின்ல நூல் அடிக்கடி அறுந்து உயிரை வாங்குது, அதையும் பாரு."

அவன் மெஷினிடம் போய்த் துணியை விரித்து, சட்டத்தை மாட்டி, திருகை இறுக்கினான். சட்டத்தை ஒரு தடவை ஆட்டிப் பார்த்தான். மறுபடி ஆட்டிப் பார்க்கக் கை போனது. பாதியில் நிறுத்தி எடுத்துக்கொண்டான். பென்டிரைவைச் செருகினான். ஊசி இறங்கத் தொடங்கியது.

அவள் பக்கத்தில் போய் நின்றாள். கொடியின் தண்டு வந்தது, முதல் இலை வந்தது. ஊசி ஓரத்துக்குப் போகும்போதெல்லாம் அவள் மெஷினின் விளிம்பை இறுகப் பிடித்தாள்.

"தம்பி, காலையில நான் பேசினது..."

"அண்ணி" என்றான் அவன், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நீங்க பாத்துக்கிட்டே நின்னா எனக்குக் கை ஓடாது."

குரலில் கோபம் இருந்ததா, இல்லையா என்று அந்த இரைச்சலில் தெரியவில்லை. அவள் வாசல்வரை வந்து நிலையில் சாய்ந்தாள். தெருவில் தண்ணீர் ஓடியது. கொடியில் விட்டுவந்த துணிகள் நினைவுக்கு வந்தன. இந்நேரம் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். வீட்டுக்குப் போகலாம் என்று ஒரு கால் வைத்தாள். அப்போது உள்ளே மெஷின் நின்றது.

அவளுக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. யாரோ ஏதோ கேட்டார்கள். பம்பரம் ஏதோ சொன்னான். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று அவள் நினைத்தபோது, அவன் இரைச்சல் இல்லாத அந்த இடைவெளியில் பட்டறையே கேட்கும்படி கத்தினான்:

"அண்ணி, ஒண்ணுமில்ல. பச்சை முடிஞ்சு சிவப்பு நூல் மாத்தறேன்."

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.